கடலோர வீடும் ஒரு சிட்டிகை நீலமும்

வீட்டை அழகுபடுத்துவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. கடற்கரையில் வாழ்வோர் அப்படி எண்ணிவிட முடியாது. அங்கே சுவருக்கு எந்த நிறம், எந்தப் பூச்சு என்ற கேள்விக்குள் கடன் பற்றிய கேள்வியும் அடங்கியிருக்கிறது. நாகைக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த கான்கிரீட் வீடுகளில், கலியாணம் என்றால் வட்டிக்கு வாங்கியாவது ரோஜா நிறத்திலும் கிளிப்பச்சையிலும் எனாமல் பெயின்ட் அடித்துவிடுவார்கள். இரண்டு மழைக்காலம் போனால் அந்தப் பச்சை அப்பளம்போல் பொரிந்து உதிர்கிறது. கடன் அப்படியே நிற்கிறது. இது ஏன் என்பதை வேதியியல் மாணவன் என்ற முறையில் ஈண்டுச் சிறிது விளக்க விழைகிறேன்.

ஓதம் என்ற சொல்லுக்கு இலக்கியத்தில் கடல், அலை என்றெல்லாம் பொருள் உண்டு. எங்கள் ஊர்ப் பெண்களோ சுவரில் ஏறும் ஈரத்தைத்தான் ஓதம் என்கிறார்கள். இரு பொருளும் ஒன்றையொன்று தொடுவதைக் கடலோரச் சுவரில் காணலாம். கடற்காற்றில் வரும் உப்பு சுவரில் படிகிறது. உவர் மணலும் உவர் நீரும் கொண்டு கட்டிய சுவராயின் உப்பு உள்ளேயே குடியிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை உறிஞ்சிக் கரைகிறது. வெயில் ஏறி ஈரம் குறைந்தால் மீண்டும் படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டுமே! பூச்சின் நுண்துளைகளுக்குள் அது நெருக்கித் தள்ளுகிறது. மேலே எனாமல் தோல்போல் மூடியிருந்தால் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லை. தோல் கொப்புளித்து, பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது.

சுண்ணாம்பின் இயல்பு வேறு. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்தால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட் ஆகிறது. கிளிஞ்சலும் அதே பொருள்தான்! கடலில் கிடந்த கிளிஞ்சல் தீயில் வெந்து, நீரில் குளித்து, மீண்டும் தன்னுருவாகவே நம் சுவரில் வந்து நிற்கிறது. (பாடத்தில் இதைப் படித்த அன்று மாலை முழுவதும் நான் வேறொன்றையும் படிக்கவில்லை.) அந்தப் படலம் நுண்துளை உடையது, ஈரம் வந்த வழியே போய்விடும். உப்புப் பூத்தாலும் துடைப்பத்தால் தட்டிவிட்டு, பொங்கலுக்கு முன் மறுபடி வெள்ளையடித்தால் தீர்ந்தது. சிமென்ட் பூச்சின்மேல் அது அவ்வளவு இறுகப் பிடிப்பதில்லை என்பது மெய்தான். சுவரை நன்கு நனைத்து, சிறிது பசை சேர்த்து, மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். சாய்ந்தால் சட்டையிலும் ஒட்டும்.

வெறும் வெள்ளை சலிக்காதா என்று தோழர்கள் கேட்கிறார்கள். கடற்கரையில் வெளிச்சம் வானிலிருந்து மட்டும் வருவதில்லை. மணலிலும் நீரிலும் பட்டுத் தெறித்தும் வருகிறது. பச்சைச் சுவரில் பட்டால் அறை முழுதும் பச்சையாகி, உள்ளே இருப்பவர் முகம் நோயாளி முகமாகத் தெரியும். வெள்ளை, சந்தனம், மணல் நிறம் ஆகியவை காலையில் ஒரு நிறமாகவும் அந்தியில் வேறாகவும் தாமே மாறுகின்றன. வெள்ளை கண்ணைக் கூசினால் சிறிது காவி கலந்தால் போதும்.

அப்படியானால் எடுப்பான நிறத்துக்கு இடமே இல்லையா? உண்டு, எளிதில் மாற்றக்கூடிய பொருள்களில் அது இருக்கட்டும் என்பதே என் கருத்து. கதவு மரத்தாலானது, அதற்கு எனாமல் தகும். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டே ஒரு கதவுக்குப் போதும். தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள்! அதன் சிவப்பும் பச்சையும் வெளிறிய சுவருக்கு எதிரே எப்படி நிமிர்ந்து நிற்கின்றன! வெயிலில் சாயம் வெளுத்தால் மாற்றுவது ஜமக்காளத்தை மட்டுமே.

பிரான்சின் தென்கடற்கரையில் 1926 முதல் 1929 வரை ஐலீன் கிரே என்ற அம்மையார் எழுப்பிய 'இ-1027' என்னும் வீடு கட்டடக் கலைஞர்களிடையே புகழ்பெற்றது. வெண்சுவர்கள், அவரே வடிவமைத்த விரிப்புகள், சுவரில் ஒரு பெரிய கடல் வரைபடம் என்று அதில் நிறம் அளவோடு நின்றது. 1938, 39ஆம் ஆண்டுகளில் லெ கொர்பூசியே அதன் சுவர்களில் பெரிய வண்ண ஓவியங்களைத் தீட்டினார். அவர் பெரும் மேதையே. எனினும் வீட்டை வடிவமைத்தவர் அதனை அத்துமீறலாகவே கருதினார். என் ஓட்டு அம்மையாருக்கே.

சுவரிலும் நிறம் வேண்டுமென்றால் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறமாகத் தேர வேண்டும். மஞ்சள் தூள் உதவாது. காரம் பட்டால் அது சிவந்துவிடும். பிரஷ்ய நீலமும் சிதைந்துபோகும். காவியோ இரும்பு ஆக்சைடு. ஏற்கெனவே துருப்பிடித்ததை உப்புக் காற்று என்ன செய்துவிடும்? துணிக்குப் போடும் பழைய நீலத்தூளாகிய அல்ட்ராமரின் காரத்தையும் வெயிலையும் தாங்கும். கிரேக்கத் தீவுகளின் வெள்ளை வீடுகளில் காணும் நீலத்துக்கும் அந்நாட்டார் லூலாக்கி எனும் சலவை நீலத்தையே பயன்படுத்திவந்தனர். வெள்ளையில் ஒரு சிட்டிகை சேர்த்தால் பழுப்பு மறைந்து வெண்மை கூடும். நிறைய சேர்த்தால் நீலமாகும்.

எங்கள் வீட்டு முன்னறை இப்போது மணல் நிறம். சன்னலைச் சுற்றி நான்கு விரல் அகலத்தில் நீலப் பட்டை. அடுத்த வீட்டு அத்தை வந்து பார்த்து, "என்னடா, கலியாண வீடு மாதிரியே இல்லையே" என்றார். அக்காள் கலியாணம் தை மாதம். அதற்கு இரண்டு ஜமக்காளம் வாங்குவதாக அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார்.