கருத்திருப்பது பூஞ்சை அல்ல

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் நடுவே, ‘கருப்புப் பூஞ்சை’ என்ற பெயர் வீட்டுக்கு வீடு பேச்சானது. தமிழக அரசு அந்த மாதமே அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஆனால் பெயரில் ஒரு பிழை உண்டு. நோயாளியின் மூக்குக்குள்ளும் அண்ணத்திலும் தெரியும் கருப்பு பூஞ்சையின் நிறமல்ல. இரத்த ஓட்டம் நின்று செத்துப்போன சதை அது.

சிகிச்சையின் சூட்சுமமும் அந்தக் கருப்பில்தான் இருக்கிறது. இந்நோயைத் தரும் மியூக்கார் வகைப் பூஞ்சைகளின் வித்துகள் மண்ணிலும் மட்கும் இலைதழைகளிலும் எங்கும் உண்டு. அவற்றைச் சுவாசித்தாலும் நல்ல உடம்பு கொன்றுவிடும். சர்க்கரை கட்டுமீறி, ஸ்டீராய்டும் ஏறியவருக்கு அந்தக் காவல் தளர்கிறது. சைனஸ் அறைகளில் முளைத்த பூஞ்சை இரத்தக் குழாய்க்குள் புகுந்து, இரத்தத்தை உறைய வைத்து அடைத்துவிடுகிறது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது.

ஆகவே மருந்து மட்டும் போதாது, கத்தியும் வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பை மூக்கின் வழியே செலுத்தி, இரத்தம் கசியும் உயிர்ச்சதை தெரியும்வரை செத்ததைச் சுரண்டி எடுப்பார். அந்தக் கசிவைப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. பலருக்கு இதை மறுபடி மறுபடி செய்ய நேரும்.

கூடவே ஆம்போடெரிசின் பி. வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப்பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1950களில் பிரித்தெடுத்த மருந்து. பூஞ்சையின் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டெராலைப் பற்றி, சவ்வை ஓட்டையாக்கும். நம் செல்களில் உள்ள கொலஸ்ட்ரால் அதற்கு ஒன்றுவிட்ட உறவு போன்றது. அதனால் சிறுநீரகமும் அடி வாங்குகிறது. கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த லைபோசோமல் வடிவம் அந்தச் சேதத்தைக் குறைக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் தினமும் ஏற்றுவார்கள். சிறுநீரகத்தின் நிலை அறிய இரத்தத்தில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் அடிக்கடி பார்ப்பார்கள். பிறகு போசகொனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை தொடரும். சர்க்கரையை அடக்காவிட்டால் இத்தனையும் வீண்.

சைனஸில் பூஞ்சை என்றாலே இந்த நோய்தான் என்று அஞ்ச வேண்டாம். சிலருக்கு அது ஒரே அறையில் உருண்டையாகத் திரண்டிருக்கும். எடுத்துவிட்டால் பெரும்பாலும் போதும். சிலருக்கு அது வெறும் ஒவ்வாமை. மூக்கில் சதை வளரும். அதை அகற்றிய பின் கொடுப்பது ஸ்டீராய்டு! ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்குத் தீனி. எடுத்த சதைத்துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எந்த வகை என்று உறுதிசெய்வது அதற்காகத்தான்.

சர்க்கரை உள்ளவருக்கு முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலியோ மரத்துப்போதலோ, மேல்பல் ஆட்டமோ, பார்வை இரண்டாகத் தெரிவதோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.