மின்பேருந்து: புகை போன இடம் எது?

சிக்னலில் டீசல் பேருந்துக்குப் பின்னால் பைக்கில் நின்றவர்களுக்குத் தெரியும், பச்சை விழுந்ததும் முகத்தில் அறைவது கரும்புகைதான். 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து சேவையைத் தொடங்கிய 120 தாழ்தள மின்பேருந்துகளில் புகைக்குழாயே கிடையாது. நிற்கும்போது ஜன்னல் கண்ணாடி கடகடப்பதும் இல்லை. உலக வங்கி உதவியோடு சென்னைக்குத் திட்டமிட்ட 625 மின்பேருந்துகளில் அவை முதல் தவணை.

அரசு வண்டிகள் மின்சாரத்துக்கு மாறும்போது வேறு என்னவெல்லாம் மாறுகிறது?

வண்டி யாருடையது?

பேருந்தின் மேல் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் இருக்கும். ஆனால் சொந்தக்காரர் தனியார் நிறுவனம். வண்டியைப் பராமரிப்பதும் ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதன் பொறுப்பு. நடத்துநர் கழகத்தின் ஆள்; டிக்கெட் பணமும் கழகத்துக்கே. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். இதற்கு மொத்தச் செலவு ஒப்பந்தம் என்று பெயர். மின்பேருந்தின் விலை டீசல் பேருந்தைவிட வெகு அதிகம். அந்தப் பணத்தை அரசு ஒரே தடவையில் புரட்ட வேண்டியதில்லை என்பது இதில் வசதி. வண்டி காலியாக ஓடினாலும் கிலோமீட்டர் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும் என்பது சிக்கல். அதனால் எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் விடுவது என்பதைக் கழகம் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பணிமனையில் என்ன வேலை?

டீசல் டேங்க் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். பேட்டரி அப்படி நிரம்பாது. வண்டிகளை வரிசையாக நிறுத்தி, சார்ஜரின் தடித்த கேபிளைச் செருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரிய பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும். நாளுக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 120 வண்டிகளுக்கு 24,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழிக்கும் வீடுகள் சுமார் 2,900 சேர்ந்தால்தான் ஒரு நாளில் இவ்வளவு ஆகும். ஆகவே பேருந்து வருவதற்கு முன்பே பணிமனைக்கு உயரழுத்த இணைப்பும் டிரான்ஸ்பார்மரும் வந்தாக வேண்டும்.

புகை குறைந்ததா, இடம் மாறியதா?

நிறுத்தத்தில் நிற்பவருக்கு லாபம் உறுதி. டீசல் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்ஸைடும் அவர் மூக்கருகே வெளிவருவதில்லை.

கார்பன் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பேருந்துக்கு, கிலோமீட்டருக்கு 675 கிராம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கச் சராசரியாக 700 கிராமுக்கு மேல் வெளியாகிறது, நிலக்கரிதான் காரணம். டீசலைச் சுத்திகரிப்பதில் வரும் புகையையும் சேர்த்தால் டீசலின் கணக்கு ஏறும். அப்போதும் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்காது. டீசல் வண்டி என்றைக்கும் டீசல் வண்டிதான். மின்பேருந்து மட்டும், கிரிட்டில் காற்றும் வெயிலும் கூடக் கூட, எதையும் மாற்றாமலே சுத்தமாகிக்கொண்டு வரும்.

எப்போது சார்ஜ் ஏற்றுவது?

சென்னையில் சூரிய மின்சாரம் அதிகம் கிடைப்பது நண்பகலில். பேருந்துகள் பணிமனைக்குத் திரும்புவதோ இரவில். மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் இரவிலும் கைகொடுக்கும். மற்ற மாதங்களில் இரவில் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம்தான்.

காலை நெரிசல் பத்தரை மணிவாக்கில் அடங்கும். மாலைக் கூட்டம் நாலரைக்குத்தான் தொடங்கும். நடுவில் பாதி வண்டிகளையாவது முறைவைத்துப் பணிமனைக்கு அழைத்துச் சார்ஜ் ஏற்றினால், அதே பேருந்து வெயிலில் ஓடியதாகக் கணக்கு மாறும். சொந்த மின்கார் வைத்திருப்பவர் எப்போது சார்ஜ் ஏற்றுவது என்று மின்வாரியத்தின் கட்டணப் பட்டியலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இங்கே பேருந்தின் நேர அட்டவணை, மின்வாரியம் இரண்டுமே அரசின் கையில். இரண்டு துறை அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் போதும்.