பந்தய மைதானத்துக்கு என்ன வாடகை?

ஊட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே குதிரைப் பந்தய மைதானம். 52 ஏக்கருக்கு மேல் உள்ள இந்த அரசு நிலத்தில், கோடை சீசன்தோறும் பந்தயம் நடத்தியது மெட்ராஸ் ரேஸ் கிளப். குத்தகை 1978-லேயே முடிந்தது. குதிரைகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. 2024 ஜூலையில் வருவாய்த் துறை நிலத்தை மீட்டபோது அரசு சொன்ன வாடகை பாக்கி 822 கோடி ரூபாய்.

இவ்வளவு பாக்கி எப்படிச் சேரும்? அதே கிளப்பின் கிண்டி கதையைப் பார்த்தால் புரியும். 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகை, 160 ஏக்கர், வருட வாடகை 614 ரூபாய் 13 அணா. ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட வராது! பின்னர் நில மதிப்பை வைத்து அரசு வாடகையை உயர்த்தியது; கிளப் ஒப்பந்தத்தைக் காட்டி மறுத்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் 730 கோடியே 86 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. மறு ஆண்டு அரசு குத்தகையையே ரத்து செய்தது.

நிலையான தொகை என்றால் விலைவாசி அதை விழுங்கிவிடும். நில மதிப்பில் சதவீதம் என்றாலோ, ஊட்டியில் மனை விலை ஏறும் வேகத்தில் சீசன் வியாபாரம் ஏறாது. கேட்கிற தொகை காகிதத்திலேயே தங்கும்.

அமெரிக்காவில் அரசுக் காட்டு நிலத்தில் நடக்கும் பனிச்சறுக்கு விடுதிகளுக்கு 1996-ல் வேறு வழி கண்டார்கள். கட்டணம் வருமானத்தில் ஒரு பங்கு: சிறிய விடுதிகளுக்கு 1.5 சதவீதத்தில் தொடங்கி, வருமானம் கூடக் கூட 4 சதவீதம் வரை. நல்ல வருடத்தில் அரசுக்குக் கூடுதல். பனி பொய்த்தால் விடுதிக்காரர் மூழ்கமாட்டார்.

ஊட்டியில் அரசு நிலத்தில் நடக்கும் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் இதே முறையைக் கொண்டுவரலாம். நம்மூரில் கணக்கைக் குறைத்துக் காட்டுவார்களே என்பீர்கள். காட்டுவார்கள்தான். அதனால்தான் குறைந்தபட்ச வாடகையும் தணிக்கையும் வேண்டும். ஜிஎஸ்டி கணக்கு இருக்கையில் அறை வாடகையை ஒப்பிடுவது பெரிய வித்தையல்ல. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் தொழில் நடத்துபவர்கள் இப்படிக் கட்டும் கட்டணத்தில் 80 சதவீதம் அந்தந்தப் பூங்காவிலேயே செலவாகிறது. இங்கும் ஒரு பங்கு மலையின் குடிநீருக்கும் குப்பைக்கும் போகட்டும்.

மீட்ட மைதானம் சுற்றுச்சூழல் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறையிடம் போயிருக்கிறது. அங்கே நாளை ஒரு உணவகத்துக்கு இடம் விட்டாலும், வாடகை, காலம், பாக்கி மூன்றையும் மாவட்ட இணையதளத்தில் ஆண்டுதோறும் போட வேண்டும். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.