வாள்கள் பேசும் மொழி!

'இங்கு ஃபென்சிங் வேலை செய்து தரப்படும்' என்று எழுதிய போர்டை ரோட்டோரம் பார்த்திருக்கிறீர்களா? கல் ஊன்றி, முள்கம்பி இழுத்து, காலி மனைக்கு வேலி போட்டுத் தருவார்கள். ஒலிம்பிக் போட்டியிலும் ஒரு ஃபென்சிங் இருக்கிறது. அங்கே முள்கம்பி கிடையாது, கையில் வாள்! வேலிக்கும் வாள்வீச்சுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

ஆங்கிலத்தில் 'டிஃபென்ஸ்' என்றால் தற்காப்பு. அந்தச் சொல்லின் தலையை வெட்டினால் மிஞ்சுவது 'ஃபென்ஸ்'. பயிரைக் காப்பது வேலி. உடம்பைக் காப்பது வாள்வீச்சு. இரண்டும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்!

ஆமாம் குட்டீஸ், இந்த விளையாட்டில் ஒவ்வொரு வார்த்தைக்குள்ளும் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. வாருங்கள், சிலவற்றை உருவிப் பார்ப்போம்!

நடுவர் சொல்லும் நாலு வார்த்தை

வாள்வீச்சு நடக்கும் நீண்ட மேடைக்கு 'பீஸ்த்' என்று பெயர். நீளம் 14 மீட்டர். அகலமோ ஒன்றரை முதல் 2 மீட்டர்தான். இருவரும் வந்து நின்றதும், வாளை முகத்துக்கு நேரே உயர்த்தி எதிராளிக்கும், நடுவருக்கும், பார்வையாளர்களுக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு முகமூடியை மாட்டிக் கொள்வார்கள்.

நடுவர் சொல்வார்: 'ஆன் கார்த்!' அதாவது, தயார் நிலையில் நில்லுங்கள்.

அடுத்து, 'ப்ரே?' தயாரா?

'ஆலே!' போகலாம், தொடங்குங்கள்!

'ஆல்ட்!' நிறுத்துங்கள்! இதைக் கேட்டதும் வாள் அப்படியே நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு தொடங்கும் வீச்சுக்குப் புள்ளி கிடையாது.

இவை எல்லாம் பிரெஞ்சு வார்த்தைகள். சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பு 1913ல் பாரீஸ் நகரில்தான் தொடங்கப்பட்டது. சர்வதேசப் போட்டி ஜப்பானில் நடந்தாலும், எகிப்தில் நடந்தாலும் நடுவர் இதே வார்த்தைகளைத்தான் சொல்வார். ஈரான் வீரரும், கொரிய வீரரும் நம்மைப் போலவே 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு போகிறார்களே, அது மாதிரி!

மொட்டு, வாள், குதிரைப்படை

இந்த விளையாட்டில் வாள் மூன்று வகை.

ஃபாயில்: மெலிந்த வாள். பிரெஞ்சில் இதன் பெயர் 'ஃப்ளூரே'. 'சின்னப் பூ' என்று அர்த்தம். குத்திக் காயமாகாமல் இருக்க நுனியில் ஒரு குமிழ் வைத்தார்கள். அது பூ மொட்டு போல இருந்ததால் இந்தப் பெயர்! நுனியால் எதிராளியின் உடற்பகுதியைத் தொட்டால்தான் புள்ளி. கை, காலில் பட்டால் கணக்கில்லை.

எப்பே: பிரெஞ்சில் 'வாள்' என்றே அர்த்தம். மூன்றில் கனமானது, 770 கிராம் வரை இருக்கலாம். உச்சந்தலை முதல் பாதம் வரை எங்கே நுனி பட்டாலும் புள்ளி.

சேபர்: குதிரைப்படை வீரர்கள் சுழற்றிய வளைந்த வாளின் வாரிசு. நுனியால் குத்தலாம், ஓரத்தாலும் வெட்டலாம். தலை, கைகள் உள்பட இடுப்புக்கு மேலேதான் குறி.

கேள்வியும் பதிலும்

ஒரு காலை வேகமாக முன்னே நீட்டி, கையையும் நீட்டிப் பாய்வது 'லன்ஜ்'. (மதியம் டிபன் பாக்ஸில் சாப்பிடுவது அல்ல!) அம்பு போல ஓடிப் பாய்ந்தால் அது 'ஃப்ளெஷ்'. பிரெஞ்சில் அதற்கு அம்பு என்றே அர்த்தம்.

வருகிற வாளைத் தன் வாளால் தட்டி விலக்குவது 'பாரி'. விலக்கிய உடனே திருப்பித் தாக்குவது 'ரிபோஸ்ட்'. இத்தாலி மொழியில் இருந்து பிரெஞ்சுக்குப் போன இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'பதில்'! எதிராளியின் வாள் கேள்வி கேட்கிறது. உங்கள் வாள் பதில் சொல்கிறது. இப்படி இடைவிடாமல் நடக்கும் தாக்குதலையும் பதிலையும் சேர்த்து ஒரு 'வாக்கியம்' என்றே வாள்வீச்சில் அழைக்கிறார்கள். ஃபாயில், சேபர் போட்டிகளில் இருவர் வாளும் ஒரே நேரத்தில் பட்டால், நடுவர் அந்த வாக்கியத்தை முதலில் இருந்து படித்துப் பார்த்துத்தான் யாருக்குப் புள்ளி என்று சொல்வார்.

சென்னையில் கற்ற மொழி

இந்தப் பிரெஞ்சு வார்த்தைகளை நம் சென்னைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட ஒரு மாணவி உண்டு. அவர் பவானி தேவி. 2004ல் வாள்வீச்சைத் தொடங்கியபோது வாள் விலை அதிகம். அதனால் மூங்கில் குச்சியை வைத்துப் பழகினார். 14 வயதில் முதல் வெளிநாட்டுப் போட்டிக்காகத் துருக்கி போனார். மேடைக்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்ததால், 'கறுப்பு அட்டை' காட்டி வெளியேற்றி விட்டார்கள். மஞ்சள் அட்டை எச்சரிக்கை. சிவப்பு அட்டை எதிராளிக்கு ஒரு புள்ளி. கறுப்பு அட்டை என்றால் போட்டியே முடிந்தது!

அவர் துவண்டு விடவில்லை. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஒலிம்பிக் வாள்வீச்சில் விளையாடிய முதல் இந்தியர் ஆனார். சேபர் பிரிவில் முதல் ஆட்டத்தில் துனீசியா வீராங்கனையை 15-3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மானோன் ப்ரூனேயிடம் 7-15 என்று தோற்றார். 2023ல் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியில் வெண்கலம் வென்றார்.

கடைசி வார்த்தை

இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது.

'தூஷே!'

'என்னைத் தொட்டுவிட்டாய்' என்று அர்த்தம். இதைச் சொல்ல வேண்டியது தொட்டவர் அல்ல, தொடப்பட்டவர்!

இன்று வாளோடு மின்கம்பி இணைத்திருக்கிறார்கள். வாள் பட்டதும் விளக்கு எரியும். ஒலிம்பிக்கில் இந்தக் கருவி எப்பே வாளுக்கு 1936லும், ஃபாயிலுக்கு 1956லும், சேபருக்கு 1992லும்தான் வந்தது. அதற்கு முன் நடுவர்களின் கண்தான் கருவி. கண்ணோ, மின்னல் வேக வாளைச் சில சமயம் தவற விடும். வாள் பட்டது யாருக்கு நிச்சயமாகத் தெரியும்? பட்டவருக்குத்தான்! அவர் வாய் திறந்து 'தூஷே' என்று சொன்னால், எதிராளிக்குப் புள்ளி போகும். சொல்லாமல் இருந்தால் தப்பிக்கலாம். ஆனாலும் சொல்வதுதான் வீரனுக்கு அழகு என்று நினைத்தார்கள். இன்றும் மின்கருவி இல்லாத பயிற்சிக் கூடங்களில், அடி வாங்கியவரே அதை ஒப்புக்கொள்வது வழக்கம்.

தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பந்து உங்கள் பேட்டில் லேசாக உரசி, கீப்பர் கைக்குப் போகிறது. யாரும் கவனிக்கவில்லை. உங்களுக்கு மட்டும் தெரியும். அந்த நேரத்தில் என்ன சொல்வீர்கள், குட்டீஸ்?

வாள் இல்லாமலேயே சொல்லக்கூடிய வார்த்தைதான் அது... 'தூஷே!'