தாத்தாவின் 'தங்க வாட்ச்'... எடைக்குப் போடும் முன் பின்மூடியைப் பாருங்கள்!

திருநெல்வேலிப் பக்கம் பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், மாப்பிள்ளையின் சட்டைக் கைக்குக் கீழே ஒரு மஞ்சள் மினுமினுப்பு எட்டிப் பார்க்கும். மோதிரம், செயினோடு சேர்த்து மாமனார் வீட்டில் போட்ட வாட்ச் அது. பாளையங்கோட்டை ஆசிரியர், விக்கிரமசிங்கபுரம் மில் தொழிலாளி, அம்பாசமுத்திரத்து நெல் வியாபாரி என யார் வீடாக இருந்தாலும், விசேஷத்துக்கு மட்டும் பீரோவை விட்டு வெளியே வரும் அந்தக் கடிகாரத்துக்கு ஒரே பெயர்தான்: 'தங்க வாட்ச்'.

தாத்தா போன பிறகு அது ஓடாமல் கிடக்கும். தங்கம் விற்கிற விலையில், டவுன் ரதவீதி நகைக்கடையில் எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்ற யோசனை வருவது சகஜம். 'பழைய வாட்சுக்கு நல்ல விலை' என்று சொல்லும் ஆன்லைன் விளம்பரங்களும் கண்ணில் படும். அவசரப்பட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்தான். ஏனென்றால், பெரும்பாலான தங்க வாட்ச்களின் மதிப்பு தங்கத்தில் இல்லை.

முழுத் தங்கமா, முலாமா?

முதலில் பார்க்க வேண்டியது பின்மூடியை. ரிப்பேர் கடையில் கொடுத்து, அதற்கான கருவியால் திறக்கச் சொல்லுங்கள். வீட்டுக் கத்தியால் நெம்பினால் மூடியில் கீறல் விழும்.

உள்ளே 18K அல்லது 0.750 என்று இருந்தால் 18 காரட், அதாவது 75 சதவிகிதத் தங்கம். 14K அல்லது 0.585 என்றால் 14 காரட். 1995-க்கு முந்தைய ஸ்விஸ் தங்கக் கடிகாரம் என்றால் பொடியாக ஒரு முத்திரையும் இருக்கும். பெண் தலை என்றால் 18 காரட், அணில் என்றால் 14 காரட். 1995-க்குப் பிறகு வந்தவற்றில் நாய் தலை முத்திரை.

'பிளாக்கே ஆர்', 'கோல்டு பிளேட்டட்', '20 மைக்ரான்ஸ்' போன்ற சொற்கள் இருந்தால் அது முலாம். 20 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனில் பாதிகூடத் தேறாது. அதை உருக்கினால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சாது. உரைகல்லில் தேய்த்தாலே முலாம் போய்விடும், வாட்சின் அழகும் அதோடு போகும்.

டயலில் உள்ள '17 ஜுவல்ஸ்' என்பதைப் பார்த்து உள்ளே வைரக்கல் இருக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு. அவை சக்கரங்களின் அச்சு தேயாமல் இருக்கப் பதிக்கும் செயற்கை மாணிக்கக் கற்கள். நகைக் கற்களாக விலை போகாது.

'சோனா' என்ற தங்கம்

நம் ஊரில் முழுத் தங்க வாட்ச் அபூர்வமாகவும், முலாம் பூசியது பரவலாகவும் இருப்பதற்குப் பின்னால் ஒரு காலகட்டம் இருக்கிறது. 1963-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யத் தடை போட்டன. அந்தக் குறிப்பிட்ட தடை பின்னர் தளர்ந்தாலும், 1968-ல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாகவே வந்தது. 1990-ல்தான் அது நீங்கியது.

அதே காலத்தில்தான் எச்.எம்.டி. வளர்ந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை அமைந்தது. தினசரிக்கு 'ஜனதா' என்றால், விசேஷத்துக்கு 'சோனா'. சாவி கொடுக்கும் மெல்லிய வாட்ச், தங்க முலாம் பூசிய கூடு. இந்தியில் 'சோனா' என்றாலே தங்கம்தான். சேகரிப்பாளர்கள் 'டிரெஸ் வாட்ச்' என்று சொல்வது இந்த வகையைத்தான்: மெல்லியதாக, எளிய டயலோடு, சட்டைக் கைக்குள் அடங்கிவிட வேண்டும். உலக அளவில் இதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது 1932-ல் வந்த பட்டேக் பிலிப்பின் 'கலட்ராவா'.

பிறகு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வந்தது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து சந்தையைப் பிடித்தது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன் பிறகு பழைய எச்.எம்.டி.களைத் தேடுபவர்கள் கூடினார்கள்.

பளபளப்பில் ஏமாறாதீர்கள்

வாங்குபவர் கவனிக்க வேண்டியது இங்கேதான். பழைய மெஷினுக்கு மேல் புதிதாகப் பெயின்ட் அடித்த டயலைப் பொருத்தி, 'ஒரிஜினல்' என்று ஆன்லைனில் விற்பது சகஜம். டயல் எழுத்துகள் தடித்தோ, கோணலாகவோ, மங்கலாகவோ இருக்கின்றனவா? ஐம்பது வருஷ வாட்சில் டயல் மட்டும் நேற்று செய்ததுபோல மின்னுகிறதா? முள்ளும் டயலும் ஒரே மாடலைச் சேர்ந்தவையா? பின்மூடியைத் திறந்து மெஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் ஒதுங்கிவிடுவதே நல்லது.

விற்பவருக்கும் இதே பாடம்தான். லேசாகப் பழுப்பேறிய அசல் டயலுக்கு இருக்கும் மதிப்பு, புதுப் பெயின்ட் அடித்த டயலுக்கு இல்லை. விற்பதற்கு முன் பாலிஷ் போடுவதும், மறுபடி முலாம் பூசுவதும் விலையைக் குறைத்துவிடும். வாங்கிய பில், பெட்டி, தாத்தா அதைக் கட்டியிருக்கும் போட்டோ இருந்தால் பத்திரமாக வையுங்கள். முழுத் தங்கமாகவே இருந்தாலும், எடைக்குப் போட்டால் மெஷின், கண்ணாடி எடையெல்லாம் கழித்து, கூட்டுக்கு மட்டும்தான் பணம். நல்ல பிராண்ட் என்றால் வாட்சாக விற்பதே மேல்.

வைத்துக்கொள்வதானால்...

பல வருஷம் ஓடாத வாட்சுக்கு உடனே சாவி கொடுக்காதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், பல்சக்கரங்கள் தேயும். முதலில் ஆயில் சர்வீஸ் செய்யக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓடத் தொடங்கிய பின், தினமும் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துச் சாவி கொடுங்கள். குமிழ் இறுகியதும் நிறுத்திவிட வேண்டும்.

இந்த வாட்ச்களுக்குத் தண்ணீர் ஆகாது, வியர்வையும் ஆகாது. குறுக்குத்துறையில் குளிக்கப் போனால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.

பின்மூடியில் 'கோல்டு பிளேட்டட்' என்று இருந்தால் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் உருக்கினால் ஒன்றும் தேறாத அந்த வாட்ச், சர்வீஸ் செய்தால் பேரன் கல்யாணத்திலும் ஓடும்.