அன்று வெந்நீர் போட்டுக் கொடுத்தவள் நான்

சகோதரிகளே, சமையலும் கைவேலையும் குழந்தை வளர்ப்பும் படிக்கிற பக்கங்களில் இப்படி ஒரு விஷயத்தை எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன். வயசுப் பெண்கள் கையில் கிடைக்குமே என்று தயக்கம். பிறகு, கிடைக்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் கல்யாணமாகி திருவொற்றியூருக்கு வந்த புதிது. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஆறு குடித்தனம், ஒரே குழாயடி. பக்கத்துப் போர்ஷன் அக்கா விடியற்காலையில் காசிமேடு போய் மீன் எடுத்துவந்து விற்பவர். அவர் மகள் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஷிப்டு முடிந்து பத்தரைக்கு வந்துவிடுகிற பெண் அன்று வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் கதவு தட்டும் சத்தம். பிறகு அக்கா என் வீட்டு ஜன்னலில் வந்து நின்றார்.

“கண்ணு, ஒரு அண்டா வெந்நீர் வெச்சுக் குடு. பாப்பா மேலுக்கு ஊத்திக்கணும். எதுவும் கேக்காதே. யாராண்டையும் சொல்லிடாதே, உன் கால்ல வுழறேன்.”

நான் எதுவும் கேட்கவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். அந்தப் பெண் தலையோடு ஊற்றிக்கொண்டாள். அவள் உடுத்தியிருந்த துணியை அக்கா குழாயடியில் போட்டு, சோப்பு கரையக் கரையத் தேய்த்ததை நான் பார்த்தேன். விடிந்ததும் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். யாராவது கேட்டால் ஜுரம் என்று சொல்லுவதாகப் பேச்சு. நானும் அப்படியே சொன்னேன்.

போன வருஷம் வடிவுடையம்மன் கோயிலில் அவளைப் பார்த்தேன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பிராகாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தவள், திடீரென்று, “அக்கா, அன்னிக்கு நீங்க ஏன் என்கிட்ட ஒரு வார்த்தைகூட கேக்கல?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நாங்கள் அன்று பாசத்தில் செய்தது எல்லாமே தப்பு. குளிக்க வைத்தது தப்பு. துணியை அலசியது தப்பு. தடயம் உடம்பிலும் துணியிலும்தான் இருக்கிறது. முடிந்தால் குளிக்காமல், வாய் கொப்பளிக்காமல், அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். துணியை மாற்றியே ஆகவேண்டும் என்றால் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதப் பையில் தனியாக வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரம் கோத்துக் கெட்டுப்போகும். இதைப் படிக்கும்போது, “ஐயோ, குளிச்சாச்சே” என்று யாராவது நினைத்தால், அதனால் என்ன, அப்போதும் போகலாம். ஓரிரண்டு நாள் கழித்தும் பரிசோதனை செய்வார்கள். தடயம் கிடைக்கிறதோ இல்லையோ, வைத்தியம் வேண்டாமா?

வைத்தியம் என்றது காயத்துக்கு மட்டுமல்ல. கரு தங்காமல் இருக்க மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. மறுத்தால் ஆஸ்பத்திரி நடத்துபவருக்கு ஜெயில்கூட உண்டு. “முதல்ல போலீஸ்ல எழுதிக்கிட்டு வா” என்று திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு பயம் பல பெண்களுக்கு உண்டு. கன்னித்தன்மை பார்ப்பதாகச் சொல்லி இரண்டு விரல் பரிசோதனை என்று ஒன்று செய்வார்கள். அது அந்தப் பெண்ணை மறுபடியும் அவமானப்படுத்துவது, அதைச் செய்யவே கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2022 அக்டோபரில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. யாராவது செய்ய வந்தால் வேண்டாம் என்று சொல்லலாம்.

“கூச்சல் போட்டிருக்கலாமே?” இந்தக் கேள்வியை நாம்தான் முதலில் கேட்கிறோம். பக்கத்து வீட்டு மாமியும் கேட்பார், பெற்ற தாயும் கேட்பாள். நாட்டின் பெரிய கோர்ட்டே ஒருகாலத்தில் கேட்டது. 1972-ல் மகாராஷ்டிராவில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே ஒரு ஆதிவாசிச் சிறுமிக்கு நடந்த கொடுமை, மதுரா வழக்கு என்று பெயர். காயம் இல்லை, சத்தம் போடவில்லை என்று காரணம் காட்டி 1978-ல் சுப்ரீம் கோர்ட் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. சட்டப் பேராசிரியர்கள் நாலு பேர் அந்தக் கோர்ட்டுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஊர் ஊராகப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-ல் சட்டம் மாறியது. பயத்தில் உடம்பு மரத்துப்போகும், குரல் எழும்பாது. பாம்பை மிதித்தவள் வாயைத் திறந்தபடி நிற்பதை நாம் பார்த்ததில்லையா?

போலீஸுக்குப் போனால் பெயர் கெட்டுவிடும் என்பது அடுத்த பயம். அது வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். 2019-ல் பொள்ளாச்சியில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் அதிகாரிகள் வாயாலேயே வெளியே வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. படித்தபோது வயிறு எரிந்தது. பெயரை வெளியிட்டால் இரண்டு வருஷம் வரை ஜெயில் என்று சட்டம் இருக்கும்போதே இப்படி! ஆனால் கதை அதோடு முடியவில்லை பாருங்கள். மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி, பெண் அதிகாரிகள் மட்டுமே கொண்ட விசாரணைக் குழுவையும் சென்னை ஹைகோர்ட் அமைத்தது. ஐந்தே மாதத்தில் விசாரணை முடிந்து, 2025 ஜூன் 2-ம் தேதி குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, 30 வருஷம் தண்டனைக் குறைப்பு கிடையாது. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13-ல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை. அந்தப் பெண்கள் ஆறு வருஷம் பின்வாங்காமல் நின்றார்கள்.

புகார் கொடுக்க எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் சரி. எண்ணூரில் நடந்ததை ராயபுரத்திலும் எழுதிக்கொள்ள வேண்டும், “எங்க லிமிட் இல்ல” என்று சொல்லக் கூடாது. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும், அதையும் பெண்ணின் வீட்டிலேயே வைத்து எழுதலாம். புகாரின் நகல் இலவசம். கேட்டு வாங்கி பீரோவில் வையுங்கள். ரேஷன் கார்டை வைக்கிற ஜாக்கிரதை இதற்கும் வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் லாரி நிற்கும் ரோட்டையும் இருட்டுச் சந்தையும் காட்டித்தான் பெண் குழந்தைகளைப் பயமுறுத்துகிறோம். ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் வருஷா வருஷம் ஒரே சேதிதான், பத்து வழக்கில் ஒன்பதுக்கு மேல் தெரிந்தவன் செய்தது. 2018-ல் அயனாவரத்தில் ஒரு சிறுமிக்கு நடந்தது அவள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ளேயே. பிடிபட்டவர்கள் 17 பேர், காவலாளியும் லிப்ட் ஆளுமாக, தினம் கண்ணில் படுகிறவர்கள். 2020 பிப்ரவரியில் மகளிர் கோர்ட் 15 பேரைக் குற்றவாளிகள் என்றது. குழந்தை மாதக்கணக்கில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாமா மடியில் உட்கார மாட்டேன் என்று குழந்தை அடம்பிடித்தால், “மரியாதை தெரியாதா?” என்று அதட்டுகிறோமே, அங்கேதான் அதன் வாயை நாமே மூடுகிறோம். பையன்களையும் விட்டுவிடாதீர்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் தெரிந்தவர்கள் போலீஸில் சொல்லியே ஆகவேண்டும், மறைப்பது குற்றம்.

சரி, பெண் வந்து சொல்லிவிட்டாள். என்ன பேசுவது? “நீ சொன்னது நல்லதாப் போச்சு. உன் மேல தப்பில்ல. நான் கூட இருக்கேன்.” இது போதும். ஏன் அந்த வழியாப் போனே, என்ன டிரஸ், யாரோட போனே என்ற விசாரணையெல்லாம் வேண்டாம். கட்டிப்பிடிப்பதற்குக்கூடக் கேட்டுக்கொள்ளுங்கள். சில பெண்களுக்கு அந்த நேரத்தில் யார் கை பட்டாலும் உடம்பு கூசும். மூன்று மாதம் கழித்துத் தூக்கம் வராமல் போகும், சாப்பாடு இறங்காது, சின்ன சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும். “இன்னும் அதையே நினைச்சிட்டிருக்கியா?” என்று சலித்துக்கொள்ளாமல் மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கோர்ட்டுக்குப் போகிற நாளில் யாராவது ஒருத்தர் கூடப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அதுவே பெரிய பலம். நஷ்டஈட்டுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், வக்கீலும் இலவசமாகக் கிடைப்பார்.

பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இரண்டும் இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். ஆஸ்பத்திரி, போலீஸ், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் வழி சொல்வார்கள். எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டர் அட்டையில் கேஸ் கம்பெனி நம்பருக்குக் கீழே இந்த இரண்டையும் எழுதி ஒட்டினேன். மாமியார் பார்த்துவிட்டு, “இது யார் நம்பர்?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிறகு, “இன்னும் கொஞ்சம் பெரிசா எழுது, எனக்குக் கண்ணு தெரியல” என்றார்.