வீட்டு வேலையும் கண்டிராக்டர் தகராறும்

நெசவாளியின் வீடு குடியிருப்பு மட்டுமன்று. அதுவே அவருடைய தொழிற்சாலையுமாகும். குழித்தறி இருக்கும் அறையின் ஓட்டைப் பிரித்தால் அன்றே தறி நின்றுவிடுகிறது. விவசாயியின் வீட்டிலோ அறைக்குள் இருந்த நெல் மூட்டைகள் திண்ணைக்கு வந்துவிடுகின்றன. இந்நிலையில், வேலையை ஒப்புக்கொண்ட கண்டிராக்டர் பாதியில் நிறுத்திவிட்டு, மேலும் பணம் கொடுத்தால்தான் ஆள் அனுப்ப முடியும் என்று கூறுவாராயின், வீட்டுக்காரர் திகைத்துப் போகிறார். திறந்து கிடக்கும் கூரையைப் பார்த்துக் கேட்ட தொகையைக் கொடுத்தும் விடுகிறார். தகராறு முற்றுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

இதைத் தடுக்கும் முதல் விதி யாதெனில், பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால் செல்ல வேண்டும், முன்னால் ஓடலாகாது. ஓர் உதாரணம் கொள்வோம். ஓட்டுக் கூரையைப் பிரித்து மேய்ந்து, சுவர் பூசி, தரை போடும் வேலை ரூ. 1,20,000-க்குப் பேசப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். முன்பணம் ரூ. 12,000, கைமரமும் ரீப்பரும் அடித்து முடித்ததும் ரூ. 36,000, ஓடு மேய்ந்ததும் ரூ. 30,000, பூச்சும் தரையும் முடிந்ததும் ரூ. 30,000, எஞ்சிய ரூ. 12,000 ஒரு மழைக்காலம் கழிந்து, ஒழுக்கு இல்லை என்று கண்ட பின்னர். இவ்வாறு பிரித்து எழுதிக்கொண்டால், கண்டிராக்டர் எந்த நாளில் நின்றாலும் வீட்டுக்காரரின் நஷ்டம் சிறியதாகவே இருக்கும்.

உடன்படிக்கைத் தாளில் மூன்று விஷயங்கள் அவசியம் இருத்தல் வேண்டும். முதலாவது, வேலையின் அளவு. பூச்சு எத்தனை சதுரம், ஒரு சதுரத்துக்கு என்ன விலை, சாமான் யாருடையது, கூலி யாருடையது என்பவை தெளிவாக இருக்க வேண்டும். நூறு சதுர அடி கொண்டது ஒரு சதுரம். இருபது அடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள சுவர் இரண்டு சதுரம். இரண்டாவது, வேலை முடிய வேண்டிய தேதி. மூன்றாவது, வேலை தாமதமானால் தறி நிற்கும், அதனால் வாரம் இவ்வளவு கூலி போகும் என்ற செய்தி.

இந்த மூன்றாவதைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73ஆம் பிரிவு, இதைப் பற்றியே பேசுகிறது. ஒப்பந்தம் மீறப்பட்டால், அதனால் இயல்பாக விளைந்த நஷ்டத்துக்கும், விளையக்கூடும் என்று ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பாரும் அறிந்திருந்த நஷ்டத்துக்கும் ஈடு கோரலாம். வாடகைக்கு விடுவதற்காக வீடு கட்டப்படுகிறது என்று அறிந்திருந்த ஒருவர், இடிந்து விழும்படி மோசமாகக் கட்டினால், திரும்பக் கட்டிய செலவோடு இழந்த வாடகையையும் அவர் கொடுக்க வேண்டும் என்று அச்சட்டமே உதாரணம் காட்டுகிறது. நின்றுபோன தறியின் கூலியும் இவ்வாறே. முன்கூட்டித் தெரிவித்தவருக்கே அதைக் கேட்க வலுவுண்டு.

இனி, தகராறு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதற்காரியம், மேலும் பணம் கொடாமல் நிறுத்துவது. இரண்டாவது, முடிந்த வேலையை அளந்துவிடுவது. பொறியாளர் ஒருவரையோ, ஊரில் நம்பிக்கையுள்ள மேஸ்திரி ஒருவரையோ அழைத்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அளந்து எழுதி, புகைப்படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். கண்டிராக்டரையும் அழைக்க வேண்டும். அவர் வரவில்லையானால் அதையும் குறிக்க வேண்டும். மூன்றாவது, இத்தனை நாட்களுக்குள் வந்து வேலையை முடிக்க வேண்டும், தவறினால் வேறு ஆளைக் கொண்டு முடித்து அதிகச் செலவைத் தங்களிடம் கோருவோம் என்று, ஒப்புகை பெறும் வகையில் அஞ்சலில் கடிதம் அனுப்ப வேண்டும்.

கெடு கடந்தபின் வீட்டை மழையில் விட்டுவைத்தல் கூடாது. நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் சட்டம் பார்க்கிறது. ஆகவே வேறு ஆளைக் கொண்டு முடித்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். மேலே கண்ட ரூ. 1,20,000 வேலைக்கு, தவணை எழுதிக்கொள்ளாமல் கேட்டபோதெல்லாம் கொடுத்து ரூ. 70,000 போய்விட்டது; அளந்து பார்த்ததில் முடிந்த வேலை ரூ. 48,000 தான், எஞ்சியதை வேறு ஒருவர் ரூ. 85,000-க்கு முடித்தார் என்று கொள்வோம். மொத்தச் செலவு ரூ. 1,55,000. பேசிய தொகைக்கு மேற்பட்ட ரூ. 35,000 கோரத் தக்கது. இக்கணக்கை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டால் வழக்கில் பாதி முடிந்தது எனலாம்.

வீடு கட்டும் பணி 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்றே குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே உள்ள நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். பேசிய வேலைக்காகக் கொடுத்த தொகை ரூ. 5 லட்சத்துக்குட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் இன்றித் தாமே வாதாடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதை மறத்தலாகாது. 1915 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். இருவரும் இணங்கினால், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் மக்கள் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளலாம். அங்கு ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது. அதற்கு மேல்முறையீடு இல்லை.

நம் சங்கமே இதை விசாரித்துத் தீர்க்கலாகாதா என்று அங்கத்தினர் கேட்கக்கூடும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி தீர்க்கப்படும் தகராறுகள் சங்கத்தின் நடவடிக்கை சம்பந்தமாக, சங்கத்துக்கும் அங்கத்தினர்க்கும் இடையே எழுபவை போன்றவை. வெளியாளான கண்டிராக்டர் அதில் அடங்கார். ஆனால் அளவு எடுக்கும்போது சக அங்கத்தினர் சாட்சியாக நிற்பதற்குத் தடை ஏதும் இல்லை.

செய்யத்தகாதவை இரண்டு. கண்டிராக்டரின் சாரக்கட்டைகளையும் கருவிகளையும் பிடித்து வைத்தல் ஒன்று. அது நியாயமுள்ள நம்மையே குற்றவாளியாக்கிவிடும். முடித்த வேலைக்கும் பணம் கொடாதிருத்தல் மற்றொன்று. இடையில் நாம் வாய்மொழியாகச் சொன்ன அலமாரியோ, கூடுதல் ஜன்னலோ அவருடைய செலவே என்று வாதிடுவது முறையன்று. அளந்த வேலைக்குரியதைத் தயங்காமல் கொடுப்பவரே, அளவுக்கு மேல் போனதைத் தயங்காமல் திரும்பக் கேட்க முடியும். தம் நெசவுக்குக் கூலி குறைந்தால் கேட்கும் நாம், கொத்தனாரின் கூலியையும் சித்தாளின் கூலியையும் அதே கோலால் அளப்பதே முறையாகும்.